தப்புச் சொல்லும் பொறுப்பு

பன்னிரண்டாவது ஒத்திகையிலும் பான் சியூஜென் தப்பாகவே சொன்னாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சொல்லி முடித்ததும் வகுப்பு சிரித்தது. அதுவும் எழுதிக் கொடுத்ததுதான், இரண்டு விநாடி, அதற்கு மேல் கூடாது. பிறகு ஃபெங் டீச்சர் திரையில் ஒரு பெரிய சிவப்புப் பெருக்கல் குறியைக் காட்டினாள். இருபத்துநான்கு பேரும் ஒரே குரலில் சரியான வாக்கியத்தை ஒப்பித்தார்கள். சியூஜென் தலையைத் தடவிக்கொண்டு, "ஓ, இப்பப் புரியுது, நன்றி டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தலையைத் தடவுவது படகுத்துறையின் ஹௌ மேனேஜர் சேர்த்தது. அப்போதுதான் இயல்பாக இருக்குமாம்.

நாற்பத்துநான்கு வயதுப் பெண்மணியைத் தலையைத் தடவச் சொல்வதில் என்ன இயல்பு இருக்கிறது என்று அந்த மனுஷனை யாரும் கேட்கவில்லை.

சியூஜென் அந்தப் படகுத்துறையில் மூன்றாம் நம்பர் கவுன்டரில் பத்தொன்பது வருஷமாக டிக்கெட் கொடுக்கிறாள். எந்தத் தீவுக்கு எத்தனை மணிக்குப் படகு, காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எது நிற்கும், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது டிக்கெட்டைப் பாதிப்பேர் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். ஆறு கவுன்டரை மூன்றாகக் குறைப்பது என்றும், மிச்சமிருக்கும் மூன்றையும் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்கே கொடுப்பது என்றும் கம்பெனி முடிவு செய்தது. டிக்கெட் கொடுப்பவர்கள் பன்னிரண்டு பேர். இரண்டு ஷிஃப்டுக்கும் சேர்த்து ஆறு பேர் போதும். மற்ற ஆறு பேருக்குப் படகுக்குள் வேலை: இருக்கை துடைப்பது, தரை கழுவுவது, காற்றுக் காலத்தில் பயணிகள் வாந்தி எடுத்த பைகளைக் கட்டி அப்புறப்படுத்துவது.

அதற்காகத்தான் நாற்பது நாள் ஆங்கிலப் பயிற்சி. மாடியில் இருந்த கூட்ட அறையில் தினமும் மதியம் வகுப்பு நடந்தது. கூடம் நிரம்பித் தெரிய வேண்டும் என்று படகுக்குக் கயிறு கட்டுபவர்களில் பன்னிரண்டு பேரையும் கூட்டிவந்து பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் தூங்கினார்கள்.

ஃபெங் ரூயி டீச்சருக்கு இருபத்தேழு வயது. கெட்டிக்காரி, பாவம், ஒப்பந்த வேலை. சீனர்கள் ஆங்கிலத்தில் எங்கெங்கே சறுக்குவார்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். நம் சீன மொழியில் சலிப்பூட்டும் கூட்டத்துக்கும் சலித்துப்போன ஆளுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் போரிங், போர்டு என்று இரண்டு சொல். மாற்றிச் சொன்னால் 'எனக்குப் போர் அடிக்கிறது' என்பது 'நான் ஒரு அறுவை' என்று ஆகிவிடும். வசதி என்ற சொல்லும் அப்படித்தான். உங்களுக்கு எப்போது வசதி என்று நாம் ஆளைப் பார்த்துக் கேட்கிறோம். அதை அப்படியே "இஃப் யூ ஆர் கன்வீனியன்ட்" என்று கேட்டால், வெள்ளைக்காரனுக்குத் தன்னை ஏதோ சாமான் போலப் பேசுவதாகப் படும்.

முதல் வாரத்தில் சியூஜென் அதைத்தான் சொன்னாள். எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கவுன்டர் ஒலிபெருக்கியில் அறிவிப்பது போலக் கணீரென்று, "இஃப் யூ ஆர் கன்வீனியன்ட்" என்றாள். பின்வரிசையில் தூங்கியவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

அங்கேதான் வினை தொடங்கியது.

நாற்பதாம் நாள் நகரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் ஒரு வகுப்பு நடக்கும், வீடியோ எடுப்பார்கள். பார்வையாளர்களுக்கான வகுப்பு என்றால் எல்லாம் முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கப்படும், இது பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லோருக்கும் பழக்கம். கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை. டீச்சர் வலது கைகளில் தனக்கு வேண்டியதைக் கூப்பிடுவாள். ஆனால் எல்லோரும் சரியாகவே சொன்னால் டீச்சருக்கு அங்கே என்ன வேலை. நடுவில் ஒருவர் தப்புச் சொல்ல வேண்டும், டீச்சர் திருத்த வேண்டும், அவர் திருந்த வேண்டும். அந்தப் பொறுப்பு சியூஜென்னுக்கு வந்தது; அவளை மட்டும் இடது கையிலிருந்தே கூப்பிடுவது என்று ஏற்பாடு.

"அக்கா, நீங்க சொல்ற தப்பு அவ்வளவு இயல்பா இருக்கு. வேற யார் சொன்னாலும் நடிக்கிற மாதிரி தெரியுது" என்றாள் ஃபெங் டீச்சர்.

"அவங்களுக்கு நடிக்கவே வேண்டாமே" என்றார் ஹௌ மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். சியூஜென்னும் சிரித்தாள். அப்போது அவளுக்கு அது நிஜமாகவே தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவளும் அல்ல.

ஆனால் நாற்பது நாள் ஒரு பெண் சும்மா இருப்பாளா. சோற்று வேளையில், கடுகுக் கீரை ஊறுகாய் போட்ட நூடுல்ஸ் ஆறிப்போக ஆறிப்போக, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். குளித்துக்கொண்டே முணுமுணுத்தாள். இருபத்தாறாம் நாள் கடும் பனிமூட்டம், படகுகள் நின்றுவிட்டன. அயல்நாட்டுக் கணவன் மனைவி இருவர் அவள் கவுன்டருக்கு வந்து கையைப் பிசைந்தார்கள். சியூஜென் நாளைக் காலை முதல் படகைக் காட்டி, "இஃப் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ" என்றாள். அவர்கள் தலையாட்டினார்கள், டிக்கெட்டை மாற்றிக்கொண்டார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். சரியாகச் சொல்லியிருக்கிறோம் என்பது அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்த்தவர் எவரும் இல்லை. அன்று முழுவதும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. மதியம் மாடிக்குப் போய் வழக்கம்போல் தப்பாகச் சொன்னாள்.

வகுப்புக்கு முந்தின நாள், இரண்டாம் கவுன்டர் வென் ஜிங் அவளைப் படிக்கட்டுக்கு அடியில் இழுத்துப் போனாள். ஜிங் சின்னப் பெண், வாய்த்துடுக்கு, ஆனால் மனசு நல்லது. அலுவலகத்தில் தட்டச்சு வேலையும் அவள்தான் பார்ப்பாள்.

"அக்கா, நாளைக்கு வர்றவங்க கையில கொடுக்கிற படிவத்தை நான்தான் அடிச்சேன். அதுல தவறான பதில்னு ஒரு கட்டம் இருக்கு."

"இருந்தா?"

"ஒரு தப்புக்கு இருபது மார்க் கழியும். எழுத்துத் தேர்வுக்கு அறுபது, நாளைக்கு நாற்பது. ரெண்டையும் கூட்டித்தான் கவுன்டர் பட்டியல்."

சியூஜென் எழுத்துத் தேர்வில் இரண்டாவதாக வந்திருந்தாள். இருபது கழிந்தால் எங்கே போய் நிற்பாள் என்று கணக்குப் போட அவளுக்குப் பேனா தேவைப்படவில்லை.

"எழுதிக் கொடுத்த தப்புக்குமா மார்க் கழிப்பாங்க?"

"கட்டத்துக்கு அது எப்படி அக்கா தெரியும்" என்றாள் ஜிங்.

சியூஜென் நேரே ஹௌ மேனேஜர் அறைக்குப் போனாள். ஃபெங் டீச்சரும் அங்கேயே இருந்தாள், கடைசியாக ஒரு முறை திரையில் காட்ட வேண்டிய படங்களைச் சரிபார்த்துக்கொண்டு.

"சார், தப்புச் சொல்ற வேலையை வேற யாருக்காவது கொடுங்க. கயிறு கட்டுறவங்கள்ல ஒருத்தருக்குக் கொடுங்க. அவங்களுக்குக் கவுன்டர் வேண்டாம், மார்க் போனாலும் நஷ்டமில்ல."

"அவங்க பேசினா சிரிப்பு வந்துடும். பான் அக்கா, இது வெறும் காட்சி. வர்றவங்களுக்கே தெரியும்."

"அப்ப படிவத்தைப் பார்த்துப் பட்டியல் போடறவருக்கும் தெரியுமா?"

பட்டியல் போடுபவர் அவரேதான். அவர் தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தாத்தானே எல்லாருக்கும் நல்ல பேரு. உங்களுக்குக் கம்பெனி பத்தொன்பது வருஷமாச் சோறு போடுது."

"நான் வேலை செஞ்சேன் சார், அது போட்டுச்சு."

ஃபெங் டீச்சர் அவள் பின்னாலேயே வெளியே ஓடிவந்தாள். "அக்கா, திரையெல்லாம் தயாராயிடுச்சு. உங்க தப்பை வெச்சுத்தான் அடுத்த எட்டு நிமிஷமும் ஓடுது. இந்த வீடியோ நல்லா வந்தாத்தான் அடுத்த வருஷம் எனக்கு ஒப்பந்தம். கெஞ்சிக் கேட்கிறேன்."

அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. சியூஜென்னுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்தே பத்தொன்பது வருஷம் பண்டிகை நாளெல்லாம் மற்றவர்களுக்காக ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தவள் அவள். "பார்க்கலாம் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போய் மீனுக்குச் செதில் எடுத்தபோது, தேவைக்கு மேலேயே பலமாகச் சுரண்டினாள்.

மறுநாள் பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைமையில் கோங் மேடம், ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. கடைசி வரிசையில் மூடி போட்ட வெள்ளைக் கோப்பைகளில் தேநீர் வைத்தார்கள், படிவம் கொடுத்தார்கள். ஓரத்தில் வீடியோக்காரர் நின்றார்.

முதல் கேள்விக்கு இருபத்துநான்கு கைகள் எழுந்தன. ஜிங் பதில் சொன்னாள், சரி. இரண்டாவது கேள்வியிலும் எல்லாம் ஒத்திகைப்படியே. மூன்றாவது கேள்வி, நாளைய படகு பயணிக்கு வசதிப்படுமா என்று எப்படிக் கேட்பது. சியூஜென் கையைத் தூக்கினாள். பழக்க தோஷத்தில் இடது கைதான் எழுந்தது. பரவாயில்லை என்று அதையே நீட்டி வைத்துக்கொண்டாள்.

"பான் சியூஜென் அவர்கள்" என்றாள் ஃபெங் டீச்சர்.

எழுந்தாள். அந்த நேரம்வரை என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் நிஜம். வாயைத் திறந்ததும் தப்பு வரவில்லை. பன்னிரண்டு முறை வந்தது பதின்மூன்றாம் முறை வர மறுத்தது.

"இஃப் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ" என்றாள், கணீரென்று.

வகுப்பு இரண்டு விநாடி சிரித்தது.

ஃபெங் டீச்சரின் காதுக்குச் சரியான பதில் எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. முந்தின இரவு தூங்காத பெண். "ஐயோ, இதில் ஒரு சின்னத் தவறு இருக்கிறதே" என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டாள், விரல் தானாக ரிமோட்டை அழுத்திவிட்டது. திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. வகுப்பு ஒரே குரலில், "இஃப் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ" என்று ஒப்பித்தது. ஒப்பித்து முடித்த பிறகுதான் முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது சியூஜென் தலையைத் தடவ வேண்டும். நன்றி சொல்ல வேண்டும். உட்கார வேண்டும். அவள் மூன்றில் எதையும் செய்யவில்லை.

"டீச்சர், நான் சொன்னதும் இவங்க சொன்னதும் ஒண்ணுதானே. எங்க தப்பு?"

ஹௌ மேனேஜர் இருமினார். கையைக் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார், மாவு பிசைகிறவரைப் போல.

"நான் உட்காரல சார். தப்பு எங்கன்னு சொல்லட்டும், உட்கார்றேன்."

கடைசி வரிசையிலிருந்து கோங் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "என்ன பிரச்சினை? திரையில தப்புன்னு போட்டிருக்கே."

"மேடம், நீங்க என் வாயைக் கேட்டீங்களா, திரையைப் பார்த்தீங்களா?"

கோங் மேடம் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. வந்திருந்த மூன்று பேருக்கும் தெரியாது. சிவப்பு வந்தால் தப்பு, பச்சை வந்தால் சரி என்று வைத்துக்கொண்டுதான் குறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உண்மை கூடத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துபோனது, கயிறு கட்டுபவர்கள் உட்பட.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. அவங்க சொன்னது சரியா, தப்பா?" என்று கேட்டாள் கோங் மேடம்.

ஃபெங் டீச்சர் ஹௌ மேனேஜரைப் பார்த்தாள். வீடியோக்காரரைப் பார்த்தாள். கையில் இருந்த ரிமோட்டை மேசைமேல் வைத்தாள்.

"சரி" என்றாள். "முழுக்கச் சரி. அவங்களைத் தப்பாச் சொல்லச் சொன்னதே நாங்கதான்."

சியூஜென் இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்மேல் முந்தின நாளிலிருந்து இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது.

"மனப்பாடம் பண்ணினதைச் சரியாச் சொல்லிட்டா போதுமா? புரிஞ்சு சொன்னீங்களா?" கோங் மேடமும் விடுகிற ஆள் இல்லை.

"எங்க கவுன்டர்ல ஆளுக்கு ஒரு டிக்கெட், சாமானுக்கு ஒரு டிக்கெட் மேடம். சாமான் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு ஆள் ஏற முடியாது. இங்கிலீஷ்ல சில சொல்லு சாமான் டிக்கெட். கன்வீனியன்ட் அப்படித்தான். நேரத்துக்குக் கொடுக்கலாம், படகுக்குக் கொடுக்கலாம், பயணிக்குக் கொடுக்கக் கூடாது. சலிப்புக்கு ரெண்டு டிக்கெட். உட்கார்ந்து சலிச்சுப் போறவருக்கு ஒண்ணு, சலிக்க வைக்கிற கூட்டத்துக்கு ஒண்ணு."

பின்வரிசையில் ஒருவர் "ஓ, அவ்வளவுதானா?" என்றார். நாற்பது நாளில் அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. யாரும் எழுதிக் கொடுக்காமலே கூடம் சிரித்தது, இரண்டு விநாடிக்கு மேலேயே.

சியூஜென் சிரிக்கவில்லை. நடு வழியாக நடந்து கடைசி வரிசைக்குப் போய்க் கோங் மேடம் முன்னால் நின்றாள். படிவத்தில் அவள் பெயருக்கு நேராக, தவறான பதில் கட்டத்தில், கறுப்பு மையில் ஒரு குறி இருந்தது.

"இதை எடுக்கணும் மேடம்."

"பேனாவுல போட்டாச்சே அம்மா. அடிச்சுத் திருத்தினா படிவம் கெட்டுப் போகும். ஒரு குறிதானே."

"உங்களுக்கு ஒரு குறி. அதை வெச்சு என்னை வாந்திப் பை அள்ள அனுப்புவாங்க. டிக்கெட் தப்பா அடிச்சிட்டா நாங்க குறுக்கே கோடு போட்டுப் பக்கத்துல கையெழுத்து வைப்போம். ஒண்ணும் கெட்டுப் போகாது. நான் நிக்கிறேன், நீங்க நிதானமாப் போடுங்க."

நின்றாள். கோங் மேடம் ஒரு வாய் தேநீர் குடித்தாள். பேனாவை எடுத்தாள், குறியின் குறுக்கே கோடு கிழித்தாள், சரியான பதில் கட்டத்தில் குறித்தாள், கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள்.

"சலிக்க வைக்கிற கூட்டம்" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். திட்டினாளா மெச்சினாளா என்பது முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

வகுப்பு எப்படியோ முடிந்தது. அவர்கள் போன பிறகு ஹௌ மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஃபெங் டீச்சர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

"சந்தோஷமா?" என்றார் ஹௌ. "மொத்தத் துறைமுகத்து மானமும் வீடியோவுல ஏறிடுச்சு. இந்தப் பொண்ணோட ஒப்பந்தமும் போச்சு."

"அவங்க ஒப்பந்தத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம் சார். என் பேரு பட்டியல்ல இருக்கா?"

"இல்ல. நாளையிலிருந்து படகு சுத்தம் பண்ற ஷிஃப்ட்."

"எத்தனை மார்க் எனக்கு?"

கோங் மேடம் கொடுத்துவிட்டுப் போன படிவம் மேசைமேல்தான் கிடந்தது. சியூஜென் அதைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். எழுத்துத் தேர்வு ஐம்பத்தொன்று, கூடத்தில் நாற்பது, தவறு எதுவும் இல்லை. அந்தப் படிவத்திலேயே மேலதிகாரி கையெழுத்துப் பக்கத்தில் இருக்கும் ஒரே பெயர் அவளுடையதுதான்.

"மொத்தத்துலயும் நான் ரெண்டாவது."

"மார்க் மட்டும் இல்ல, ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும். ரெண்டாவதா வந்தவளை எடுக்கலேன்னா காரணம் எழுதணும். அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு, ஜிங்தான் அடிச்சிருக்கா. எழுதுங்க."

ஹௌ பேனாவை எடுத்தார். எடுத்ததும் என்ன எழுதுவது என்று யோசித்தார். யோசிப்பது நீண்டுகொண்டே போனது.

"எழுத்து வரலேன்னா நான் சொல்லித் தர்றேன் சார். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. தவறாகப் பதில் சொல்லச் சொன்னோம். ஒத்திகையும் பார்த்தோம்."

பேனா அப்படியே நின்றது. சியூஜென் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் சரியாகச் சொல்லிவிட்டார்னு முடிங்க. கீழே உங்க கையெழுத்து. நான் உட்கார்ந்திருக்கேன், நீங்க நிதானமா எழுதுங்க."